படியெடுத்தலும் படித்தலும்

தமிழில் 'படி' என்னும் சொல் பல பொருள் தருவது. ஒன்றைப் பார்த்து எழுதிய நகலும் படி. ஏறிச் செல்லும் வாயிற்படியும் படி. தானியம் அளக்கும் கருவியும் படி. கற்பாயாக என்னும் ஏவலும் படி. இவையெல்லாம் ஒரு சொல்லில் வந்து கூடியது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் கற்றல் என்பது முதலில் ஒன்றைப் பார்த்து எழுதுவதில் தொடங்கி, பின்னர் ஏறிச் சென்று, இறுதியில் அளந்தறியும் ஆற்றலாக முடிகிறது என்பதைச் சிந்திப்போர்க்கு இச்சொல் ஒரு பாடமாகவே அமைந்துள்ளது.

நாம் நாள்தோறும் வழங்கும் 'அசல்', 'நகல்' என்னும் இரு சொற்களும் அரபியிலிருந்து வந்தவை. 'அஸ்ல்' என்றால் வேர். 'நக்ல்' என்றால் ஓரிடத்தில் உள்ளதை மற்றோர் இடத்திற்குக் கொண்டுசெல்லுதல். முன்னோரிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்த கல்வியை 'நக்லீ' என்றும், அறிவால் ஆராய்ந்து பெறும் கல்வியை 'அக்லீ' என்றும் நம் உலமாப் பெருமக்கள் வகுத்தனர். ஆகவே நகல் என்பது அரபி மொழியில் இழிந்த சொல் அன்று. அது கடைத்தெருவுக்கு வந்த பிறகே போலி என்னும் பொருளைப் பெற்றது.

இவ்வளவு தூரம் சொல்லாராய்ச்சியில் நம்மை இறங்கச் செய்தது மணியாச்சியில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமாகும்.

மணியாச்சி சந்திப்பை அறியாதார் தென்பாண்டிச் சீமையில் இலர். வடக்கிலிருந்து வரும் இருப்புப்பாதை அங்கே பிரிந்து ஒன்று திருநெல்வேலிக்கும் மற்றொன்று தூத்துக்குடிக்கும் செல்கிறது. 1911 ஜூன் 17 ஆம் நாள் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டு, தம்மையும் மாய்த்துக்கொண்ட இடம் அதுவே. நிலையத்தைச் சுற்றிலும் கரிசல் பூமி. மழை பெய்தால் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அவ்வூரில் சிறு கடை நடத்தும் நண்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் நம்மிடம் ஐந்தாண்டுகள் ஓதியவர். இப்போது பதினெட்டு வயது.

"ஹஜ்ரத், பையன் படம் எழுதுகிறான்" என்றார் நண்பர். ஏதோ மரணச் செய்தி சொல்வதுபோல அவர் குரல் தாழ்ந்திருந்தது.

விவரம் கேட்டோம். பையன் வாரம் இருமுறை இரயிலேறிக் கோவில்பட்டிக்குச் சென்று, முன்னர் நாட்காட்டிப் படம் எழுதிய முதியவர் ஒருவரிடம் எண்ணெய் வண்ண ஓவியம் பயில்கிறாராம். அம்முதியவர், "பெரிய கைகள் எழுதிய படம் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டு அப்படியே எழுது, உன் கற்பனையைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். பையன் கைபேசியில் தேடித் தெரிந்தெடுத்தது, ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1635 இல் எழுதிய ஒரு பெரும் படம். அது நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மைந்தரை அறுத்துப் பலியிட முனைந்த நிகழ்ச்சி. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. "நம்முடைய குர்பானி வரலாறுதானே என்று எடுத்தேன்" என்று தகப்பனாரிடம் மகன் சொல்லியிருக்கிறார்.

நண்பர் நம்மிடம் இரண்டு கேள்விகள் வைத்தார். ஒன்று, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவது கல்வியா, களவா? மற்றொன்று, நபிமாரின் உருவத்தை எழுதுவது நம் மார்க்கத்தில் தகுமா? இரண்டாவதற்கு விடை நம் நாவின் நுனியிலேயே இருந்தது. ஆயினும் அதைச் சொல்லாமல், "நாம் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

அரபி எழுத்தழகுக் கலையைக் கற்போர் உஸ்தாத் எழுதித் தரும் ஒரு வரியை நூறு முறை, ஆயிரம் முறை பார்த்து எழுதுவர். இதனை 'மஷ்க்' என்பர். உஸ்தாத் மனநிறைவு கொண்டு 'இஜாஸா' என்னும் அனுமதியை வழங்கிய பின்னரே, மாணவர் தம் எழுத்தின் கீழ்த் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம். அதுவரை அவர் கை அவருடைய கை அன்று. அச்சு வராத காலத்தில் நம் கிதாபுகள் அனைத்தும் இத்தகைய பொறுமைமிக்க கைகளினாலேயே நமக்கு வந்து சேர்ந்தன.

மணியாச்சிக்கு அண்மையிலேயே இன்னொரு சான்று உறங்குகிறது. எட்டயபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவரை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லமும் உண்டோ? 2007 இல் தமிழக அரசு அவருக்கு அங்கே மணிமண்டபமும் எழுப்பியது. அவர் எட்டயபுரத்து அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கர். பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்களில் சீறாப்புராணமாகப் பாட முனைந்தபோது, அவர் புதிய அச்சு ஒன்றை வார்க்கவில்லை. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பரும் பிறரும் நடந்த பெருவழியிலேயே நடந்தார். அரபு நாட்டைப் பாடும்போது தமிழ்நாட்டு வயலும் வாய்க்காலும் அவர் பாட்டில் பெருகின. வேற்றுச் சமயத்தவரிடம் கற்ற உருவம் அது. ஆயினும் அவ்வுருவத்துள் அவர் நிறைத்த பொருள் எவரிடமும் கடன் வாங்கியதன்று. பார்த்துக் கற்றதனால் உமறுவின் ஈமானுக்கு ஊறு நேரவில்லை. தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

கோவில்பட்டிக்கே வருவோம். சி. கொண்டைய ராஜு (1898–1976) என்னும் ஓவியர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் தொழிலில் ஊர் ஊராய்ச் சென்று, முடிவில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். சிவகாசி அச்சகங்கள் வெளியிட்ட தெய்வப் படங்கள் அவர் கையாலும் அவர் மாணாக்கர் கையாலும் எழுதப்பட்டு நாடெங்கும் பரவின. அப்படங்கள் நம் இல்லங்களுக்கு உரியவை அல்ல. ஆயினும் அங்கு நடந்த கல்வி முறையில் நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. மாணாக்கர் எழுதிய படங்களில் குருவின் பெயரையும் மாணாக்கர் பெயரையும் சேர்த்தே பொறிக்கும் வழக்கம் இருந்தது. யாரிடமிருந்து வந்தது என்பதை மறைக்காத நகல் அது. நம் ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர் எதற்காகவோ, அதற்காகவே இதுவும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த ஹாலந்து ஓவியரின் பட்டறையிலும் இதே வழக்கம். அவர் எழுதிய அந்தப் பலிப் படத்தை, அடுத்த ஆண்டே அவருடைய மாணாக்கர் ஒருவர் ஏறத்தாழ அதே அளவில் பார்த்து எழுதினார். அந்தப் படி இன்று ஜெர்மனியின் மூனிச் நகரத்தில் உள்ளது. அதில் 1636 என்னும் ஆண்டும், ரெம்பிராண்ட் இதை மாற்றி மேலெழுதினார் என்னும் குறிப்பும் காணப்படுகின்றன. மூலத்தில் ஒரு பக்கமாக வரும் வானவர், படியில் பின்புறமிருந்து வருகிறார். பார்த்து எழுதுவது மட்டுமே கல்வியாகாது என்றும், பார்த்து எழுதாமல் மாற்றும் தகுதி வாராது என்றும் அந்த ஒரு குறிப்பே உணர்த்திவிடுகிறது.

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓவியம் பயில்வோர் அனுமதி பெற்று மூலப் படத்தின் முன் நின்று பார்த்து எழுதுகின்றனர். ஆனால் இரு நிபந்தனைகள் உண்டு. படி மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கேனும் சிறியதாகவோ பெரியதாகவோ இருத்தல் வேண்டும். மூல ஓவியரின் கையொப்பத்தைப் பார்த்து எழுதுதல் கூடாது. என்ன நுட்பமான சட்டம்! வண்ணத்தையும் வடிவையும் நீ எடுத்துக்கொள்ளலாம். பெயரை எடுத்துக்கொள்ளல் ஆகாது. கல்விக்கும் களவுக்கும் இடையே உள்ள கோடு கையில் இல்லை, கையொப்பத்தில் இருக்கிறது என்பதே நம் நண்பரின் முதற் கேள்விக்கு நாம் கண்ட விடையாகும்.

ஆயினும் அறிவுடையோர் இங்கே ஒரு தடை எழுப்புவர். வாழ்நாள் முழுவதும் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பவரின் நிலை என்ன? ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பெற்றோரிடமிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் வந்ததை ஆராயாமல் ஏற்கும் 'தக்லீத்' தம் இளமையிலேயே தம்மைவிட்டு உடைந்து விலகியதாகத் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். உடைந்த கண்ணாடியை ஒட்டவைக்க இயலாததுபோல, அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பது அவர்கள் கருத்து. அதே இமாம் அவர்கள் தம் இஹ்யாவில் ஓர் ஓவியப் போட்டியின் கதையையும் சொல்கிறார்கள். ரோமரும் சீனரும் தத்தம் ஓவியத் திறமையைக் காட்ட அரசன் ஒரு மண்டபத்தை நடுவே திரையிட்டுத் தந்தான். ரோமர் அரிய வண்ணங்களால் தம் பக்கத்தை நிரப்பினர். சீனரோ ஒரு வண்ணமும் கேட்காமல் தம் பக்கத்துச் சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கினர். திரை விலகியதும் ரோமரின் ஓவியம் முழுவதும் சீனரின் சுவரில் முன்னினும் ஒளியோடு தோன்றியது. மௌலானா ரூமி (ரஹ்) அவர்கள் இக்கதையை எடுத்தாளும்போது சீனரை ஓவியராகவும் ரோமரைத் தேய்ப்போராகவும் மாற்றிவிட்டார்கள். பார்த்து எடுத்ததை மாற்றும் உரிமைக்கு இதுவும் ஒரு சான்றே.

இக்கதை உள்ளத்தைத் தூய்மை செய்வது பற்றியது. நாம் இதிலிருந்து மற்றொன்றையும் எடுத்துக்கொள்கிறோம். மீண்டும் திரையை இழுத்து மூடினால் சீனரின் சுவரில் இருந்த ஓவியம் மறைந்துவிடும். ஆனால் பளபளப்பு மறையாது. பார்த்து எழுதும் மாணவரின் நிலையும் இதுவே. படம் பிறருடையது. அதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் கையும் பெற்ற மெருகு அவருடையது. படத்தையே தம்முடையது என்று எண்ணுபவர் வாழ்நாள் முழுதும் நகலாகவே நிற்பார். மெருகை அறிந்துகொண்டவர் திரை மூடிய பின்னும் ஒன்றுடன் நிற்பார்.

இனி, நாம் மணியாச்சிக்குச் சென்ற கதை.

கடைக்குப் பின்னாலிருந்த சிறு அறையில் படம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆளிவிதை எண்ணெயின் வாடை. கித்தான் துணி முழுவதும் முதலில் பழுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. அதன்மேல் ஒளி விழும் இடங்களை மட்டும் வெளிறிய வண்ணத்தால் எழுப்பி, நிழலை அடித்தளத்திலேயே விட்டுவிடுவது அக்காலத்தவர் பலர் கையாண்ட முறை என்று பையன் விளக்கினார். எண்ணெய் வண்ணம் நீர்போல ஆவியாகி உலர்வதன்று, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது என்றும், ஆதலால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்க வேண்டுமாம். மாறிச் செய்தால், அடி இறுகுமுன் மேல் இறுகி, "நம் கரிசலைப்போல வெடித்துவிடும், ஹஜ்ரத்" என்றார். அடித்தளம் இறுகுமுன் மேலே தீர்ப்புகளைப் பூசுகிற நம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் அது பொருந்தும் என்று எண்ணிக்கொண்டோம்.

பாறையும், ஆடையும், கையிலிருந்து நழுவி நடுவானில் விழும் கத்தியும் ஏறத்தாழ முடிந்திருந்தன. முகங்களும், மைந்தரின் முகத்தின்மேல் இருக்கும் தகப்பனாரின் கையும் மட்டும் வெறும் பழுப்பாகவே கிடந்தன. மூலப் படத்தில் தகப்பனாரின் பெரிய கை மகனின் முகம் முழுவதையும் மூடி அழுத்துகிறது. "அந்தக் கை மட்டும் எனக்கு வரவில்லை" என்றார் பையன்.

"ஏன், கடினமா?"

"கடினம் என்றில்லை, ஹஜ்ரத். நீங்கள் ஓதிக்கொடுத்தபோது, கனவைச் சொல்லி, மகனே உன் கருத்து என்ன என்று கேட்டார்கள் என்றல்லவா சொன்னீர்கள்? கேட்டுவிட்டுச் செய்பவர் முகத்தை இப்படி மூடுவாரா?"

நாம் சற்றுநேரம் பேசாதிருந்தோம். மகனாரின் நெற்றி நிலத்தில் படுமாறு கிடத்தியதாகத் திருமறை கூறுகிறது என்பதையும், தந்தையின் மனம் இரக்கத்தால் தளராதிருக்க மைந்தரே அவ்வாறு கேட்டுக்கொண்டதாக விரிவுரையாளர் சிலர் எழுதியிருப்பதையும் பின்னர் அவருக்கு எடுத்துச் சொன்னோம். ஆனால் அவர் கேட்டதன் உட்பொருள் நம்மை விடவில்லை. ஓவியர் எழுதியது பைபிள் கூறும் ஈசாக்கை. அந்த வரலாற்றில் மகனிடம் சம்மதம் கேட்ட செய்தி இல்லை. நாம் நம்புவதோ கேட்கப்பட்ட மைந்தரை. முப்பதாண்டுகளாக ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் இவ்வரலாற்றைச் சொல்லி வருகிறோம். அந்தக் கேள்வியே அதன் உயிர்நாடி என்பதை, பிற சமயத்தார் எழுதிய ஒரு படத்தின் முன்னே, நம் மாணவர் வாயால் கேட்கும்வரை நாம் இவ்வளவு அழுத்தமாக உணர்ந்ததில்லை.

நாம் முன்னர் சொல்லாமல் விட்ட காரணத்தை இப்போது சொல்ல வேண்டும். சற்றேறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் ஓதிக்கொடுத்தபோது, மாணவன் ஒருவன் நஹ்வுக் கிதாபின் ஓரங்களில் குதிரைகள் வரைந்திருந்தான். நாம் அத்தாள்களை வகுப்பின் முன்னிலையில் கிழித்தோம், அடிக்கவும் செய்தோம். வியாழன் அன்று வீட்டுக்குச் சென்றவன் சனிக்கிழமை திரும்பவில்லை; பிறகு எப்போதுமே திரும்பவில்லை. சட்டத்தில் நாம் தவறவில்லை என்றே நெடுங்காலம் நம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் நாம் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் முகத்தை நம் கை மூடிவிட்டது.

உயிருள்ளவற்றின் உருவத்தை எழுதுவது பற்றி மார்க்க அறிஞர்களில் மிகப் பெரும்பாலோரின் தீர்ப்பு தெளிவானது. நிழல் விழாத படங்கள் குறித்து மாலிக்கி அறிஞர் சிலர் மென்மையான கருத்துக் கொண்டனர். நம் பகுதியில் வழங்கும் ஷாஃபியீ, ஹனஃபீ மத்ஹபுகளோ தடுக்கவே செய்கின்றன. நபிமாரின் உருவத்தை எழுதுவதோ நம் உள்ளம் ஒப்பாத ஒன்று. இதை நாம் மறைக்கவில்லை; மென்று விழுங்கவும் இல்லை.

ஆனால் அத்தீர்ப்பு சொல்லப்பட்ட முறையும் நமக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. படம் எழுதிப் பிழைத்த மனிதர் ஒருவர், ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் தம் தொழில் பற்றித் தீர்ப்புக் கேட்டு வந்தார். அவர்கள் அவரை விரட்டவில்லை. அருகில் வருமாறு அழைத்தார்கள். இன்னும் அருகில் வருமாறு அழைத்தார்கள். தம் கையை அவர் தலைமேல் வைத்தார்கள். அதன் பின்னரே கடுமையான எச்சரிக்கையைக் கூறி, எழுதியே ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் எழுதிக்கொள்ளுமாறு வழியும் காட்டினார்கள். தீர்ப்பு ஒன்றுதான். ஆனால் முகத்தை மூடும் கை வேறு. தலைமேல் வைக்கும் கை வேறு.

நாமும் பையனை அருகே அழைத்தோம். சட்டத்தைச் சொன்னோம். அந்த முகங்களை எழுத வேண்டா என்றோம். "உம் கருத்து என்ன?" என்றும் கேட்டோம். அவர் நெடுநேரம் கழித்து, "இதுவரை எழுதியதில் கற்றுக்கொண்டது என்னிடம் இருக்கும்தானே?" என்றார். "இருக்கும்" என்றோம். நண்பர் அப்போதும் சமாதானமடையவில்லை. கோவில்பட்டிப் பயணத்தை நிறுத்திவிடலாமா என்றார். வேண்டா என்றோம். ஒளியையும் நிழலையும் கற்பிப்பவரிடம் செல்வதில் குற்றமில்லை. மாணவர் எதை எழுத வேண்டும் என்பதற்கு நாம் பொறுப்பேற்கிறோம்.

அடுத்த முறை நாம் சென்றபோது அப்படம் அங்கே இல்லை. அதே கித்தான்மீது பழுப்பு வண்ணத்தை மீண்டும் பூசிவிட்டிருந்தார். அதில் மழைக்குப் பின்னான கரிசல் காடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நேர்மையாகச் சொன்னால் அது இன்னும் நன்றாக வரவில்லை. பருத்திச் செடிகள் குத்திவைத்த குச்சிகள்போல் நின்றன. ஆனால் மேகத்திலிருந்து ஓரிடத்தில் மட்டும் இறங்கிய ஒளியைக் கண்டதும், அது எங்கிருந்து வந்தது என்று நாம் அறிந்துகொண்டோம்.

இங்கே ஒரு செய்தியையும் சொல்லி முடிப்போம். அதே ரெம்பிராண்ட் தம் ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில், நம் நாட்டு மொகலாய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படிகள் வரைந்தார். அவற்றுள் ஒன்று, மரத்தடியில் அமர்ந்து உரையாடும் முஸ்லிம் பெரியார் நால்வரைக் காட்டுவது. 1656 இல் அவர் இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வானவர்கள் விருந்தினராய் வந்த நிகழ்ச்சியைச் செப்புத் தகட்டில் செதுக்கியபோது, அந்த மரத்தடிப் பெரியார்களின் அமைப்பையே எடுத்தாண்டார். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன், 1600 ஆம் ஆண்டளவில், பிற்காலத்தில் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியராக விளங்கிய அபுல் ஹஸன், பதின்மூன்று வயதுச் சிறுவராக, ஜெர்மன் ஓவியர் டூரரின் அச்சுப்படத்திலிருந்த கிறிஸ்தவ உருவம் ஒன்றைப் பார்த்து எழுதிப் பயின்றார். அவர்களிடமிருந்து நாமும் நம்மிடமிருந்து அவர்களும் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம். அவையனைத்தும் நம் சட்டப்படி தகும் என்று நாம் சொல்லவில்லை. நாம் தடுத்த ஒரு படத்திலிருந்தே நாம் ஒரு பாடம் பெற்றோம் என்பதையும் மறுக்க நமக்கு வாய் வரவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சுமக்க வேண்டியிருக்கிறது. சுமக்கிறோம்.

அன்பர்களே! உங்கள் பிள்ளைகளின் கையில் நோட்டையோ தூரிகையையோ நீங்கள் விரும்பாத வேறொன்றையோ காணும்போது, சட்டத்தைச் சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் அதற்கு முன் கேளுங்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு வந்தது இறைக் கட்டளை. அதை நிறைவேற்றும் முன்னரும் அவர்கள் தம் மகனின் கருத்தைக் கேட்டார்கள். நம் கையில் இருப்பதோ நம் கருத்து மட்டுமே. நாம் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டிய அசல் அவர்களின் அந்த ஒரு கேள்வி.

குதிரை வரைந்த அந்த மாணவர் இன்று எங்கிருந்தாலும் வல்ல அல்லாஹ் அவருக்கு நல்வாழ்வை அருள்வானாக! நம்மையும் மன்னிப்பானாக! ஆமீன்.